வாளி அண்ணையும் முகமில்லாத பிள்ளையும்

இதை எழுதுவதா விடுவதா என்று ஆறு வருடம் தயங்கினேன். ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூசையன்று பேனாவைப் படத்துக்கு முன்னால் வைத்து, "தாயே, இந்தமுறை கட்டாயம் எழுதுவன்" என்று கும்பிடுவேன். விஜயதசமிக்கு அதே பேனாவை எடுத்து, மனைவி சொல்லச் சொல்லக் கடைச் சாமான் துண்டு எழுதுவேன். கத்தரிக்காய், முருங்கைக்காய், செத்தல் மிளகாய். சரஸ்வதிக்கும் அலுத்துப் போயிருக்கும்.

நான் படித்தவன் அல்லன். ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கே லண்டன் செவன் கிங்ஸில் குடியிருந்து, பெற்றோல் நிலையத்தில் நின்று இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவன். வெள்ளிக்கிழமை விரதத்தைத் தவறவிட்டதில்லை. ஆனால் தயக்கத்துக்குக் காரணம் படிப்பில்லாதது அல்ல. ஒருவருக்குக் கோயில் வாசலில் வாக்குக் கொடுத்திருந்தேன். "அவ உயிரோட இருக்குமட்டும் நீ வாயைத் திறக்கப்படாது" என்றார். அந்த 'அவ' இந்த மாசியில் கண்ணை மூடிவிட்டார். இனி நான் யாருக்குப் பயப்பட வேண்டும்?

ஆகவே சொல்கிறேன். லண்டன் பட்டணத்தில் விசரர்களுக்குப் பஞ்சமில்லை. மழைக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டு நடக்கிறவன், நாயைப் பிள்ளை வண்டியில் வைத்துத் தள்ளுகிறவள், எல்லாரையும் பார்த்தாயிற்று. ஆனால் நெரிசலான பாதாள ரயிலில் நீலப் பிளாஸ்டிக் வாளியோடு ஏறி, இருக்க இடமில்லாவிட்டால் உள்ளேயிருந்த சாமான்களை என் கையில் தந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ராசா மாதிரி உட்கார்ந்து, எதிரே நின்ற கோட்டுப் போட்ட துரையிடம் "எக்ஸ்கியூஸ் மீ சேர், யுவர் ஷூ டேர்ட்டி" என்று சொன்ன மனிதர் ஈரேழு உலகத்திலும் ஒருவர்தான். அவர்தான் வாளி அண்ணை.

சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. கோயிலில் அர்ச்சனைச் சீட்டில் மட்டும் வரும். ஐயர் அதை வாசிக்கும்போது "இது ஆரப்பா புது ஆள்?" என்று நாங்களே திரும்பிப் பார்ப்போம்.

ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தார். வேலை முடிந்தாலும் கை முடியாது. அழுக்கைக் கண்டால் அவருக்குச் சாமி வந்த மாதிரி. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்கார வரும்போது "பொறும் தம்பி" என்று தடுத்து, மணவறைக் கதிரையைத் துடைத்துவிட்டுத்தான் விட்டார். நல்ல நேரம் போய்விட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு முருகன் காலண்டர் தொங்கியது. "முருகனுக்கு முகத்தில தூசடா" என்று ஸ்பொஞ்சை எடுத்துத் தேய்த்தார். முருகன் தப்பிவிட்டார். மயில்தான் நிறம் கழன்று கொக்காகப் போனது. அந்த வருடம் முழுவதும் நாங்கள் கொக்கில் வந்த முருகனைத்தான் கும்பிட்டோம்.

இப்படிப்பட்ட மனிதரை ஒருநாள் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனது என் பிழை.

கனடாவிலிருந்து மச்சான் வந்திருந்தார். அவருக்குப் பாலம் காட்ட வேண்டும். நான், மகள் துளசி, மச்சான், "நானும் வாறன், வீட்டில இருந்து என்ன செய்யிறது" என்று ஒட்டிக்கொண்ட வாளி அண்ணை. பாலத்தைப் பார்த்துவிட்டுக் கரையோரமாக நடந்தபோது ஒரு சின்னப் பூங்கா வந்தது. நடுவில் வெண்கலத்தில் ஒரு வாலிபன் சிலை. கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கிறான். கை, கால், சட்டைப் பொத்தான் எல்லாம் அச்சொட்டாக இருக்கிறது. முகம் மட்டும் இல்லை. கண், மூக்கு, வாய் ஒன்றும் இல்லாமல் வழுவழுவென்று வழித்து விட்டிருந்தது. அதன்மேல் புறாக்கள் தங்கள் வேலையைக் காட்டியிருந்தன.

"செய்தவன் அரைவாசியில ஹொலிடே போட்டான் போல" என்றார் மச்சான்.

வாளி அண்ணை துளசியைக் கூப்பிட்டார். "பிள்ளை, கீழ என்னமோ எழுதிக் கிடக்கு. வாசி பாப்பம்."

துளசி வாசித்துச் சொன்னாள். "மாமா, இது ஷிப்ல போய்த் திரும்பி வராத ஆக்களுக்காம். அவை எங்க கிடக்கினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"பேர் ஒண்டும் போடேல்லையோ?"

"இல்லை மாமா. நேம்ஸ் இல்லை."

"ஏன் முகமில்லை?"

"ஆரின்ர முகமாவும் இருக்கலாம் எண்டு அப்பிடி விட்டிருக்கினம்."

வாளி அண்ணை வாயை மூடி நின்றதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். மச்சான் போட்டோ எடுத்து முடித்து, பசிக்கிறது என்று இரண்டுமுறை சொல்லியும் அவர் அசையவில்லை. பிறகு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, பொக்கெற்றிலிருந்து லேஞ்சியை எடுத்து நனைத்து, அந்த இல்லாத முகத்தைத் துடைத்தார். முருகனைத் தேய்த்த மாதிரித் தேய்க்கவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல மெல்ல மெல்லத் துடைத்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கு ஒரே மகன். நந்தன். தகப்பன் முதலில் அகதியாக வந்து, பிறகு தாயைக் கூப்பிட்டு, மகனைப் பள்ளிக்கூடச் சோதனை முடியட்டும் என்று ஊரில் பெரியம்மாவோடு விட்டிருந்தார்கள். விசாவுக்குப் போட்டாயிற்று. அவனுக்கென்று அறை ஒதுக்கிக் கட்டில் ஒன்றும் வாங்கினார்கள். கட்டில் வந்தது. அவன் வரவில்லை. ஊரில் நடந்த போரின் கடைசிச் சண்டைக்குள் சனத்தோடு சனமாகப் போனவன். பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை. உயிரோடு கண்டவரும் இல்லை, மற்ற விதமாகக் கண்டவரும் இல்லை. அண்ணையின் மனைவி பூமணியக்கா ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கட்டிலின் விரிப்பைத் தோய்த்து மாற்றுவார். யாரும் படுக்காத விரிப்பு.

அடுத்த சனிக்கிழமை வாளி அண்ணை என் கதவைத் தட்டினார். கையில் வாளி.

"வெளிக்கிடு."

"எங்கையண்ணை?"

"பெடியன்ர முகத்தில திரும்பப் புறா இருந்திருக்கும்."

அப்படித் தொடங்கியதுதான். நானும் இழுபட்டுப் போனேன். அவர் சவர்க்காரம் போட்டுத் தோளைத் தேய்க்கத் தொடங்கியதும் பூங்காவைப் பராமரிக்கிற பெண் ஓடி வந்தார். ஜேனட் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். நான் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

இதைச் செய்ய அனுமதி இருக்கிறதா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். வாளி அண்ணை நிமிர்ந்து பார்த்து, மேலே மரக்கிளையைக் காட்டினார்.

"மேடம், பேர்ட் ஹாவ் பெர்மிஷன்?"

ஜேனட் கிளையைப் பார்த்தார். புறாவும் அவரைப் பார்த்தது.

"ஐ கிளீனர். ட்வென்ட்டி இயர்ஸ். ஸ்கூல். நோ கம்ப்ளைன்ற்" என்று அண்ணை தன் தகுதிகளை அடுக்கினார்.

அன்றைக்குப் பொலிஸ் வரும், நானும் உள்ளே போவேன், வீட்டில் அடுப்பு எரியாது என்றெல்லாம் நினைத்துக் கந்தசஷ்டி வேலவனைக் கூப்பிட்டேன். வேலவன் கைவிடவில்லை. ஜேனட் ஸ்பொஞ்சைப் பறித்துப் பார்த்து, இது வெண்கலத்தைக் கீறும் என்று சொல்லி, உள்ளே போய் ஒரு மெல்லிய துணி கொண்டுவந்து கொடுத்தார். வெறும் தண்ணீர் மட்டும், சவர்க்காரம் கூடாது. அண்ணை பதிலுக்கு உளுந்து வடை ஒன்றைக் கொடுத்தார். "ஸ்பைசி?" என்று கேட்டார் ஜேனட். "லிற்றில்" என்றார் அண்ணை. அந்தப் பொய்க்குப் பிராயச்சித்தமாக எங்கள் பிளாஸ்க் தேத்தண்ணி முழுவதும் போயிற்று.

சரி, சிலை கழுவுவதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது.

ஒருநாள் அண்ணை கோயில் ஐயரிடம் போய்க் கேட்டார். செத்த நாள் தெரியாத பிள்ளைக்கு என்ன செய்கிறது? ஐயர் நல்ல மனிதர். "திதி தெரியாட்டில் அமாவாசையில எள்ளுந் தண்ணியும் இறைக்கலாம். ஆனால் தாயும் தகப்பனும் ரண்டு பேரும் மனம் ஒப்பவேணும்" என்றார்.

இதை வீட்டில் சொல்லத் துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பூமணியக்கா வாழைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருமப்பா, ஐயர் ஒரு விசயம் சொன்னவர்" என்று தொடங்கினார் அண்ணை.

அக்கா தலை நிமிரவில்லை. "எனக்கும் அந்த விசயம் தெரியும். நாளைக்கு என்ர பிள்ளை இந்த வாசலால வரேக்க, 'அப்பா உனக்கு எள்ளிறைச்சுப்போட்டார்' எண்டு ஆர் சொல்லுறது? நானோ? நீங்களோ?" பிறகு அதே குரலில் என்னிடம், "தம்பி, தேத்தண்ணிக்குச் சீனி காணுமே?"

சீனி போடவே இல்லை. காணும் அக்கா, போதும் என்றேன்.

வெளியே வந்ததும்தான் அண்ணை என்னைக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய் அந்த வாக்கை வாங்கினார். சனிக்கிழமைகளில் எங்கே போகிறார் என்று அவ உயிரோடு இருக்கும்வரை நான் மூச்சு விடக்கூடாது. என் பெற்றோல் நிலையத்தில் சனிக்கிழமை ஷிப்ட், நிலம் கழுவுகிற வேலை என்று வீட்டில் சொல்வார். வாளி கையில் இருப்பதால் யார் சந்தேகப்படுவார்கள்? பொய் சொல்லாத குடும்பத்தில் பிறந்த நான், விரதம் பிடிக்கிற வாயால், ஆற்றங்கரையில் நின்றபடி பூமணியக்காவுக்குத் தொலைபேசியில் பொய் சொன்னேன்.

"தம்பி, அவர் உங்கையோ?"

"ஓம் அக்கா, பெற்றோல் செட்டில நிலம் கழுவுறார்."

அந்த நேரம் பார்த்து ஆற்றில் ஒரு படகு கொம்பை ஊதியது.

"உதென்ன சத்தம்?"

"லொறி அக்கா."

"பெரிய லொறியாத்தான் கிடக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அண்ணை சிறு வெள்ளைத் துணியில் எள்ளை முடிந்து வாளியின் அடியில், துணிகளுக்குக் கீழே வைத்திருந்தார். ஒவ்வொரு அமாவாசைக்கும் பக்கத்தில் வரும் சனியன்று ஆற்றோரக் கம்பிக்குப் போய் அந்த முடிச்சைக் கைக்குள் வைத்துத் தண்ணீரைப் பார்ப்பார். நான் பக்கத்தில் நிற்பேன். அவிழ்க்க மாட்டார்.

"அண்ணை, இறைக்கிறதெண்டால் இறையுங்கோ. எனக்குக் கால் விறைக்குது."

"பொறடா. இண்டைக்கு வத்து, தண்ணி இறங்கிப்போச்சு. சேத்துக்குள்ள போய் விழும்."

அடுத்த மாதம் ஆறு நிரம்பி ஓடும். "இண்டைக்குப் பெருக்கு. எள்ளைத் திரும்பக் கரைக்குக் கொண்டந்துபோடும்."

ஒருநாள் வத்துமில்லை, பெருக்குமில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. எனக்கு ஆத்திரம். "இப்ப என்ன சாட்டு?"

"பொலிஸ் போட் போகுது பார். குப்பை கொட்டுறன் எண்டு நினைப்பான்."

வருடங்கள் போயின. எள்ளு போவதும் வருவதுமாக இருந்தது. "உது புழுப் பிடிச்சிருக்காதே அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன். முடிச்சை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "லண்டன் குளிருக்குப் புழுவும் வராதடா. நேற்று வாங்கினமாதிரி வாசம்" என்றார்.

சிலைக்கு விபூதி பூசத் தொடங்கியது அதற்கிடையில்தான். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று குறி. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். "அண்ணை, அது வேற சமயத்துப் பிள்ளை!"

"தண்ணி விழுங்கேக்க எந்தச் சமயமெண்டு கேட்டே விழுங்கினது? சும்மா நில்."

ஜேனட் வந்து இதென்ன வெள்ளைப் பொடி என்று கேட்டார். "மதர் புட். சில்ட்ரன். ஃபோர் கோல்ட்" என்றார் அண்ணை. பிள்ளைகளுக்குக் குளிர் பிடிக்காமல் தாய்மார் பூசுவது. ஜேனட் அதற்குப் பிறகு விபூதியைத் துடைக்கவில்லை. மழைதான் துடைத்தது.

விபூதி வந்ததும் அடுத்த சட்டம் வந்தது. "விபூதி பூசின இடம் கோயில். சப்பாத்தைக் கழட்டு."

இங்கேதான் அந்தத் தை அமாவாசைக் கதை வருகிறது. அக்கா போன பிறகு கோயிலில் பல கதையாக உலாவுவதும் இதுதான்.

அன்று நல்ல பனி. அண்ணை தன் கறுப்புச் சப்பாத்தைக் கழற்றினார். அவருடைய சப்பாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் முகம் பார்த்து மீசை வெட்டலாம். அதைச் சிலையின் காலடியில், நுனி ஆற்றைப் பார்க்க, ஒட்டி வைத்தார். என்னுடைய பழைய ட்ரெயினர்ஸை நானும் பக்கத்தில் வைக்கப் போனேன். "உது கோயிலடியில வைக்கிற சாமானே? அங்கால கொண்டு போ" என்றார். நான் புதருக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு பேரும் வெறுங்காலோடு கம்பியடிக்குப் போய் நின்றோம். அவர் முடிச்சைக் கையில் எடுத்தார்.

அப்போது ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா கையில் வெள்ளைப் பூங்கொத்தோடு வந்தார். சிலையைப் பார்த்தார். கீழே சப்பாத்தைப் பார்த்தார். உட்கார்ந்திருக்கிற முகமில்லாத வாலிபன், காலடியில் மினுங்குகிற ஒரு சோடி வெறும் சப்பாத்து. அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு முழங்காலைக் கஷ்டப்பட்டு மடித்துக் குனிந்து, பூவைச் சிலைக்கு வைக்கவில்லை, சப்பாத்துக்கு முன்னால் வைத்தார். தலை குனிந்து நின்றார்.

பின்னால் வந்த இரண்டு பேர் அதைக் கண்டு நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். மற்றவர் போட்டோ எடுத்தார். இன்னொருவர் வந்தார். ஒரு கொஞ்ச நேரத்துக்குள் ஏழு பேர் வாளி அண்ணையின் சப்பாத்துக்கு மரியாதை செலுத்திவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை. கால் விறைத்துச் செத்துக்கொண்டிருந்தது, அதற்குள்ளும் சிரிப்பு.

"அண்ணை, போய் எடுங்கோ. விட்டால் சுத்திக் கம்பி கட்டிப்போடுவாங்கள்."

திரும்பிப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், வாய் திறந்தபடி.

"எப்பிடியடா எடுக்கிறது? பூ வைச்சிட்டினம். இனி அது என்ர சப்பாத்தில்லை."

"பின்னை ஆரின்ர?"

"அந்த மனுசி ஆரெண்டு தெரியாது. என்ர பிள்ளைக்குப் பூ வைச்சிட்டுப் போறா. நான் தகப்பன். ஒரு பூ வைக்கேல்ல நான்."

அன்றைக்கு அவிழ்த்துவிடுவார் என்று நினைத்தேன். முடிச்சில் விரல் போனது. பிறகு அதைத் திரும்ப வாளிக்குள் போட்டார். சப்பாத்தைத் தொடவில்லை. கடைப் பைகள் இரண்டைக் காலில் கட்டிக்கொண்டு, சரசரவென்று சத்தம் வர ரயிலேறினார். எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரிடமும் "யுவர் ஷூ டேர்ட்டி" என்று சொல்லவில்லை.

வீட்டு வாசலில் பூமணியக்கா. "சப்பாத்து எங்கை?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "காணாமல் போட்டுது" என்றார்.

"காணாமல் போனதெண்டால் எங்கையோ இருக்குது எண்டுதானே? போய்த் தேடுங்கோ."

அடுத்த சனி போனோம். ஜேனட் சப்பாத்தை எடுத்து, உள்ளே காகிதம் திணித்து, ஈரம் படாமல் தன் அறையில் வைத்திருந்தார். அண்ணை வேண்டாவெறுப்பாக வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பூமணியக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் கண்டதில்லை. சப்பாத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கதவடியில் வைத்தார்.

"பாத்தியளே? காணாமல் போனது எண்டால் இல்லாமல் போனதெண்டு இல்லை. ஆரோ ஒரு புண்ணியவாளி எடுத்துப் பத்திரமா வைச்சிருப்பினம்."

கடவுளே, ஒரு சோடி சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்து எங்களை ஏன் இப்படிச் சோதித்தாய் என்று அன்றைக்குப் பிள்ளையாரைக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வாளி அண்ணை வத்து, பெருக்கு என்று சாட்டுச் சொல்லவில்லை. கம்பியடியில் முடிச்சோடு நிற்பார். ஒருநாள் கேட்டார், "தம்பி, அவ சொல்லுறமாதிரி ஆரும் எடுத்து வைச்சிருந்தால்? நான் இறைச்ச பிறகு அவன் வந்தால்?" எதற்கும் ஒரு தேவாரம் சொல்லி ஆறுதல் படுத்துகிறவன் நான். அன்றைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் புரட்டாசியில் அண்ணை போய்விட்டார். நெஞ்சுச் சளியென்று படுத்தவர் எழும்பவில்லை. ஆசுப்பத்திரிக் கட்டிலின் கம்பியைக்கூட லேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார். சடங்கில் ஐயர் "கொள்ளி வைக்கிறது ஆர்?" என்று கேட்டபோது சனம் நிலத்தைப் பார்த்தது. பூமணியக்கா மட்டும் நிமிர்ந்து நின்று சொன்னார். "மகன் இருக்கிறான். வரேல்ல. அவன் வருமட்டும் இந்தத் தம்பி செய்யட்டும்." இங்கே கொள்ளியும் இல்லை, ஒரு பொத்தானை அழுத்துவதுதான். அதை நான் அழுத்தினேன். அந்த விரலால் இன்றைக்கும் சோறு குழைக்கும்போது நினைவு வரும்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு அக்கா சொன்னார். "தம்பி, அவரின்ர வாளி பின்கதவடியில கிடக்கு. சனிக்கிழமை ஷிப்ட்டை இனி நீ பார். செய்துபோட்டு வாளியை இஞ்சையே கொண்டந்து வை."

நான் முட்டாள். அப்போதும் விளங்கவில்லை. ஆறு வருடம் சனிக்கிழமைகளில் வாளியை எடுத்துப் போனேன், முகத்தைக் கழுவினேன், கொண்டுவந்து வைத்தேன். அடியில் எள்ளு முடிச்சு இருந்தது. நான் தொடவில்லை.

இந்த மாசியில் அக்கா படுத்துவிட்டார். கடைசிக்கு இரண்டு நாள் முந்தி நானும் மனைவியும் பார்க்கப் போனோம். குரல் நூல் மாதிரி வந்தது.

"தம்பி, பெற்றோல் செட்டுக்குக் கப்பல் வாறேல்ல எண்டு எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீ?"

நான் மனைவியைப் பார்த்தேன். "அக்கா..."

"அவர் வாளியைக் கொண்டந்து வைச்சவுடனே முடிச்சைப் பாப்பன். அவிழேல்ல எண்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். பிறகு உன்ர வாளியையும் பாத்தனான். நீயும் நல்ல பிள்ளை. தொடேல்ல."

"அப்ப அந்த எள்ளு..."

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்துவன். பிள்ளைக்கு இறைக்கிற எள்ளு. அது புழுப் பிடிச்சதாவே இருக்கிறது?"

என் மனைவி வெளியே எழுந்து போய்விட்டாள். நான் ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அண்ணை ஒருநாள் இறைச்சிருந்தால் என்ன செய்திருப்பீங்கள் அக்கா?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நித்திரை என்று நினைத்தேன்.

"ரண்டு பேருமா இருந்து அழுதிருப்பம்" என்றார். "அவர் ஒருக்காலும் அவிழ்க்கேல்ல. நானும் சொல்லேல்ல."

பங்குனி அமாவாசைக்கு நான் போனேன். என் வீட்டு எள்ளைக் கொண்டுபோய் அண்ணைக்கும் அக்காவுக்கும் இறைத்தேன். பெருக்குத்தான், பரவாயில்லை என்று இறைத்தேன். சிலையின் முகத்தைக் கழுவி விபூதி பூசினேன். ஜேனட் வந்து பக்கத்தில் நின்றார். என் ட்ரெயினர்ஸைக் கழற்றி, இம்முறை தைரியமாகச் சிலையின் காலடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் வெறுங்காலோடு நின்றேன். ஒருவரும் ஒரு பூ வைக்கவில்லை. ஒருவர் அதைக் குப்பை என்று நினைத்துக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனார். அண்ணை சொன்னது சரிதான், உது கோயிலடியில் வைக்கிற சாமான் இல்லை.

அந்தப் பழைய முடிச்சையும் கொண்டுபோனேன். அவிழ்க்கவில்லை. பெற்ற தகப்பனாலே ஏலாததைச் செய்ய நான் யார்? வாளி இப்போது என் வீட்டுப் பின்கதவடியில் இருக்கிறது. ஆவணியில் எள்ளை மாற்ற வேண்டும்.

இந்தக் கதையைக் கேள்விப்பட்டவர்கள் கோயிலில் பலதும் பேசுகிறார்கள். அவர் மதம் மாறினார் என்று ஒருவர். மண்டை பிழைத்துச் சப்பாத்தைக் கும்பிட்டார் என்று ஒருவர். சிலையில் கண்ணீர் வந்தது என்றும் ஒருவர். அதற்குக் கண்ணே இல்லை. வாசிக்கிற நீங்கள் இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் கண் காது மூக்கு வைக்காமல் சொல்லுங்கள். நந்தன் வந்துவிட்டான் என்று முடிக்காதீர்கள். வரமாட்டான் என்றும் முடிக்காதீர்கள். அந்த இரண்டு பேரும் கட்டி வைத்தபடியே, நான் உங்கள் கையில் தருகிறபடியே, அவிழ்க்காமல் அடுத்தவர் கையில் கொடுங்கள்.